பெஞ்சை விட்டு எழுந்த பாஞ்சாலி

பாஞ்சாலியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் அந்த அதிகாரியின் முகம்தான் கண்முன் வந்து நிற்கிறது. எரிச்சலாக வருகிறது. அவரைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

அடையாறில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில், தள்ளுவண்டி போட்டுப் பதினாறு வருஷமாகத் துணி தேய்த்தவள் பாஞ்சாலி. ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அதே கரையில் நாலு குடிசை தள்ளிச் சேட்டு என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை சேட்டுவுக்கு. கயல் என்று ஒரே பெண். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பாஞ்சாலியின் வலது தோள் சற்றுச் சரிந்திருக்கும். ஆனால் யாருக்கும் பணிந்து போகிற பழக்கம் மட்டும் அவளுக்கு வரவேயில்லை. ஒருமுறை மாடி வீட்டுக்காரர், "ஏய் இஸ்திரி!" என்று கூப்பிட்டுச் சட்டையை வீசினார். அவள் ஒரு கையை மட்டும் தேய்த்து மடித்துக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாதி மரியாதிக்குப் பாதி இஸ்திரி" என்றாள். மறுநாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில் அந்தக் கரைக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? கரையோரக் குடிசைகளை இடிக்கப் போகிறார்கள், பெருங்குடிக்கும் அப்பால் ஒற்றை அறை வீடு தரப்போகிறார்கள் என்றார்கள். பட்டியலில் இருக்கிற குடும்பத்துக்கு வீடு. பட்டியலில் இல்லாத குடும்பத்துக்கும் குடிசை இடிபடும், வீடு மட்டும் கிடையாது. பட்டியலில் ஏற, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படமெடுக்கப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். சன்னல் திறக்காத இருட்டு அறை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய புகழேந்தி என்பவர், சோப்புப் பெட்டி அளவில் ஒரு டிஜிட்டல் கேமராவோடு வந்திருந்தார். ஃபிலிமே வேண்டாம், படம் உடனே முதுகுப்பக்கத்துச் சின்னத் திரையில் தெரியும் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பெஞ்சில் உட்கார வேண்டும், குடிசை எண் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஃப்ளாஷ் அடித்ததும் எழுந்துகொள்ளலாம். வெளியே நூற்று நாற்பது குடும்பம் வெயிலில் நின்றது. அதனால் வெளிச்சம் மின்னியதுமே சிலேட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அடுத்தவர்களுக்கு இடம் விட்டு அவசரமாக எழுந்தார்கள். தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை நகர்த்தி அடுத்தவளுக்கு வழி விடுகிற ஜனங்கள் அவர்கள். அதே பழக்கம்.

ஜூலையில் பட்டியல் ஒட்டினார்கள். பாஞ்சாலியின் பெயருக்கு நேராக, 'படத்துடன் ஆள் பொருந்தவில்லை' என்று இருந்தது. அவள் மட்டுமில்லை, அறுபத்திரண்டு குடும்பம்.

பட்டியலோடு ஒட்டியிருந்த படத்தைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெஞ்சும் சிலேட்டும் பளிச்சென்று தெரிந்தன. நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. மனிதர்களைத்தான் காணோம். சேட்டு குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கயலின் பின்னல்தான் இருந்தது. பாஞ்சாலி பாதி எழுந்து, கண்ணை மூடி, யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு நிமிஷம் ஆடாம உக்காந்திருக்கப்படாதா, பாஞ்சாலி? ஃபோட்டோ எடுத்துண்டதே இல்லையா நீ?" என்று கேட்டேன். அப்போதே வங்கியில் இருபது வருஷம் வேலை பார்த்திருந்தவள் நான். படம் சரியில்லை என்றால் தப்பு படத்தில் இருக்கிறவர்களுடையது என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ!

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களுமா கோமளம்மா? ஃப்ளாஷ் அடிக்கிற வரிக்கும் செலை மாதிரிதான் குந்திக்கினு இருந்தேன். அடிச்சப்புறம்தான் எந்திரிச்சேன்."

அவளை நம்பவும் முடியவில்லை, படத்தை மறுக்கவும் முடியவில்லை. விடை ராயப்பேட்டையில் கிடைத்தது. அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் ஷரீஃப், பின்னால் தொங்கவிடும் நீலத் திரையை அவளிடம்தான் தேய்க்கக் கொடுப்பார். திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவரிடம் புலம்பியிருக்கிறாள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தினி தபா மின்னுச்சு?"

"ரெண்டு தபா. ஒண்ணு குந்திக்கினு இருக்க சொல்ல. இன்னொண்ணு நாங்க எந்திரிச்சப்புறம். அது அடுத்த வூட்டுக்காரங்களுக்குன்னு நெனச்சிக்கினேன்."

ஷரீஃப் தலையில் அடித்துக்கொண்டாராம். "மொதல் வெளிச்சம் படமே இல்லம்மா. இருட்டுல எடுத்தா கண்ணு செவப்பா வுழும். அதுக்கோசரம் முன்னாடி ஒண்ணு அடிச்சு கண்ணுமணிய சுருங்க வைக்கும். ஒரு செகண்டு கழிச்சு அடிக்குது பாரு, அதான் படம். கேமராவுல கண்ணு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அந்த பட்டன அமுக்கினா ஒரே தபாதான் மின்னும். இல்ல, ரெண்டாவது வர்ற வரிக்கும் குந்துங்கன்னு வாயால சொல்லணும். அந்தாளு சொன்னானா?"

சொல்லவில்லை. நூற்று நாற்பது குடும்பத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. எழுபத்தெட்டுக் குடும்பம் தப்பித்தது, மெதுவாக எழுந்ததால். முழங்கால் வலிக்காரர்களுக்கு வீடு, சுறுசுறுப்பானவர்களுக்குத் தெரு! இதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனுஷி மாதிரி அவளைக் கேட்டேனே, அதை நினைத்து இன்னும் அதிகமாக.

ஆட்சேபணை சொல்ல ஒரு நாள் குறித்திருந்தார்கள். அதே பள்ளிக்கூடம், அதே இருட்டு அறை. வங்கிக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அதிகாரி வெங்கடரமணன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விட்டுப்போன சில குடும்பங்களைப் படமெடுக்கப் புகழேந்தியும் அந்தக் கேமராவோடு நின்றார்.

பாஞ்சாலி இரண்டு வெளிச்சத்தின் கதையை நிதானமாகத்தான் சொன்னாள். அதிகாரி சிரித்தார். "ஏம்மா, மிஷின் மேல பழியப் போடாத. அது ஃபாரின் கேமரா. உங்களுக்கு உக்காரத் தெரியல. படம் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. இனிமே மாத்த முடியாது."

"எப்டி உக்காரணும்னு நீங்கதான் காட்டுங்களேன் சார்" என்றாள் அவள்.

கூட்டத்துக்கு முன்னால் பாடம் நடத்த யாருக்குத்தான் ஆசையில்லை! அவர் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, சட்டைக் காலரைச் சரி செய்தார். "எடுப்பா. எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க." புகழேந்தி அழுத்தினார். வெளிச்சம் மின்னியது. "பாத்தீங்களா? இவ்வளவுதான், இதுல என்ன..." என்று கூட்டத்தின் பக்கம் திரும்பி எழுந்தார். இரண்டாவது வெளிச்சம் அடித்தது.

சின்னத் திரையைச் சுற்றி எல்லோரும் மொய்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. இடுப்புக்கு மேலே பாதி மனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியின் காது சிவந்துவிட்டது.

"அழிப்பா அத. வேற எடு" என்றார்.

புகழேந்தி ஒரு பொத்தானை அழுத்தினார். படம் போய்விட்டது. தும்முகிற நேரம்கூட ஆகவில்லை.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அழிக்கலாம். திருப்பி எடுக்கலாம். இவர்கள் அறையை விட்டுப் போவதற்குள்ளேயே செய்திருக்கலாம். நாலு மாதத்துக்கு முன்னால் அந்தத் திரையை ஒருவர் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

"சார்," என்றாள் பாஞ்சாலி. குரலில் அழுகை இல்லை, ஆத்திரம். "உங்க மூஞ்சி கோணிக்கினா ஒடனே அழிக்கலாம். எங்க மூஞ்சி கோணிக்கினா வூட்டயே அழிச்சிடுவீங்களா? படமெடுத்த இவரு இத்தினியும் பாத்துக்கினுதான சார் இருந்தாரு?"

புகழேந்தி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மேசைக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லு" என்றார்.

அறுபத்திரண்டு குடும்பத்தையும் அன்றைக்கே எடுத்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என்னமோ தானம் செய்கிற தோரணை! பாஞ்சாலி வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "ரெண்டாவது வரிக்கும் எந்திரிக்காத" என்று சொல்லி அனுப்பினாள். அது அவள் வேலையா? சம்பளம் வாங்குகிற நாலு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியாகத்தான் அவள் குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்தது. சேட்டு செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் வெளிச்சம் மின்னியது. மூவரும் இமைகூடக் கொட்டவில்லை. இரண்டாவதும் மின்னியது. அப்போதும் பாஞ்சாலி எழுந்திருக்கவில்லை. "காட்டுங்க" என்றாள். புகழேந்தி கேமராவைக் கொண்டுவந்து திரையைக் காட்டினார். சேட்டு, கயல், பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிற பாஞ்சாலி. மூன்று பேரும் முழுசாக இருந்தார்கள்.

அதிகாரியும் வந்து எட்டிப் பார்த்தார். சமாதானமாகப் போகலாம் என்று நினைத்தாரோ என்னமோ, "நல்லா வந்திருக்கு. கொஞ்சம் சிரிச்சிருக்கலாமேம்மா" என்றார்.

பாஞ்சாலி அப்போதுதான் எழுந்தாள்.

"சிரிக்கிறதுக்கு இங்க இன்னா சார் நடந்துச்சு?"