இருபது எண்ணிப் பக்கம் திருப்பியவன்

1. கண்ணாடி

ஏற்காட்டில் வீட்டு புரோக்கராக இறங்கிய முதல் நாள், சந்தையில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கினேன். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. படிப்பில்தான் கோளாறு. இரண்டாம் வகுப்பு வாத்தியார் என்னை ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்றார். ஆடுகளும் ஒத்துக்கொள்ளாததால் புரோக்கர் ஆனேன்.

யாராவது அக்ரிமென்ட் பேப்பரை நீட்டினால் கண்ணாடியை மாட்டி, உதட்டை லேசாக அசைத்து, மனதுக்குள் இருபது வரை எண்ணிப் பக்கத்தைத் திருப்புவேன். நடுவில் ஒரு தடவை புருவத்தைச் சுருக்க வேண்டும். அது முக்கியம். என் பெயரை மட்டும் எழுதிப் பழகியிருந்தேன், சாட்சிக் கையெழுத்துக்காக. சின்னராசு படித்தவன் என்று ஊரே நம்பியது.

இதைக்கூட நான் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே திட்டுகிறாள். அதை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

2. வெற்றிலையில் சாவி

ரோசலி அக்கா நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர். தனி ஆள். வேலை முடிந்த மாதமே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போய்விடும். எத்தனை வருடம் அடுப்பெரித்திருந்தாலும் அங்கே அவர் வாடகைக்காரர் கிடையாது.

"ராசு, இனி எவனும் வெளிய போன்னு சொல்லாத ஊடா ஒண்ணு பாருங்க" என்றார்.

"அப்படிப் பாத்தா கல்லறைதானுங்க அக்கா இருக்குது."

"அதுக்கும் எடம் பத்தலைன்னு பாதர் சொல்றாருங்க" என்று சிரித்தார்.

பஸ் ஸ்டாப் பக்கம், மிஷன் ஸ்கூலுக்கு எதிரே இரண்டு அறை கிடைத்தது. வீட்டுக்காரப் பெரியவர் வாய்ப்பேச்சாகக் கொடுத்தார். நான் வெற்றிலையில் சாவியை வைத்து நீட்டினேன். அக்கா பால் காய்ச்சினார். அன்றைக்கு எங்கள் ஊரில் அதுதான் அக்ரிமென்ட். மாதம் பிறந்தால் வாடகை கைக்குக் கை போகும். ரசீது என்ற பேச்சே இல்லை.

முன் அறையில் இட்லிக் கடை போட்டார். ஸ்கூல் டீச்சர்கள்தான் வாடிக்கை. அப்படியே ஒன்பது வருடம் ஓடியது. கேட்டைப் பூட்டுவது, பெரியவரின் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விடுவது என்று யாரும் சொல்லாமலே செய்வார்.

3. நான்கு பக்கம்

பெரியவர் இறந்ததும் சேலத்திலிருந்து அவர் மகன் வந்தார்.

"ராசு, இப்ப சட்டம் மாறிடுச்சு தெரியுமில்ல? வாய்ப்பேச்செல்லாம் செல்லாது. வாடகைன்னா எழுத்துல இருக்கணும், பதியணும். பேப்பர் ரெடி. அந்தம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிடு."

"வாங்கிடலாமுங்க சார்."

அவர் சட்டத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் நானும் ஏமாந்தேன். இல்லை, இது பொய். கமிஷன் வருகிறதே என்று யோசிக்காமல் விட்டேன்.

அக்கா இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார்.

"ஏனுங்க ராசு, என்ன எழுதியிருக்குது?"

கண்ணாடியை மாட்டினேன். மூன்றாம் பக்கத்தில் அடுப்புப் புகை கண்ணில் பட்டு எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நான் கருத்தாகப் படிப்பதாக அக்கா நினைத்துக்கொண்டார்.

"அவசரமில்லீங்க, நல்லா பாருங்க."

"பாத்துட்டேனுங்க அக்கா. எல்லாம் சரியா இருக்குது. ஊடு உங்களுக்குத்தான்."

எஸ்டேட் சம்பள நோட்டில் போட்டுப் பழகிய கையெழுத்தை அக்கா போட்டார். கீழே சாட்சியாக நான் போட்டேன். அந்த மாதம் வாடகை கொடுக்கப் போனவரிடம், "இப்போதைக்கு வேண்டாம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றாராம் மகன்.

"தங்கமான மனுசனுங்க" என்றேன் நான்.

4. கோர்ட்

அந்த இடத்தில் டூரிஸ்ட்டுகள் தங்க ஹோம் ஸ்டே கட்டுவதென்று மகன் வீட்டார் முடிவு செய்தார்கள். காலி செய்யச் சொன்னார்கள். அக்கா மறுத்ததும் கேஸ் சேலம் கோர்ட்டுக்குப் போனது. மகனின் வக்கீல் உரக்கப் படித்தபோதுதான் அந்தப் பேப்பரில் இருந்ததை முதல் தடவையாகக் கேட்டேன்.

ரோசலி என்பவர் வீட்டுக்கும் மிளகுக் கொடிக்கும் காவலாக வைக்கப்பட்டவர். அந்த வேலைக்காக வாடகையில்லாமல் தங்கியிருக்கிறார். சொன்ன நாளில் வெளியேற வேண்டும். வாடகைக்காரர் என்ற சொல் நான்கு பக்கத்திலும் இல்லை. கேட்டைப் பூட்டியதும் தண்ணீர் விட்டதும் அவருக்கு எதிரான ஆதாரமாகிவிட்டன. லைன் வீட்டிலிருந்து வந்தவரை நான் மறுபடி லைன் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டிருந்தேன்.

சாட்சிக் கூண்டில் நின்ற என்னிடம் அந்த வக்கீல் கேட்டார். "படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்குனீங்க?"

பின்னால் ஏற்காட்டு வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் பிழைப்பே அவர்களிடம்தான்.

"ஆமாங்க. படிச்சுத்தான் காட்டினேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிவாரம் தாண்டி வளைவு ஏறும்போது கேட்டார்.

"அன்னைக்குப் படிச்சீங்கல்ல ராசு. காவக்காரின்னு அதுல இருந்துச்சுங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க அக்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுத்தாப்புலயே ஸ்கூலு. பத்து டீச்சருங்க எங்கிட்ட இட்லி வாங்குறாங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரோட்டத் தாண்டிக் காட்டியிருப்பேனே."

அடுத்த வாய்தாவில் அக்காவின் வக்கீல் என்னை மறுபடி கூண்டில் ஏற்றினார். கண்ணாடி, இருபது எண்ணுவது, புருவம் சுருக்குவது எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊரைச் சிரிக்க வைத்தே பிழைத்தவன் நான். அன்று தலையைத் தூக்க முடியவில்லை. ஒன்பது வருடம் வாடகை கொடுத்ததற்கு அக்காவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இருந்த ஒரே எழுத்து அந்த நான்கு பக்கம்தான். தீர்ப்பு அதன்படியே வந்தது.

5. சாவி திரும்பியது

சாவியை வாங்கி வர என்னைத்தான் அனுப்பினார்கள். அக்கா இட்லிப் பானையைக் கோணியில் கட்டிவிட்டு வந்தார்.

"நீங்க வெத்தலையில வெச்சுக் குடுத்தீங்க. எங்கிட்ட இப்ப வெத்தல இல்லீங்க. சும்மாவே வாங்கிக்குங்க."

இப்போது தலைச்சோலையில் ஒரு தோட்டத்துக்குக் காவல் இருக்கிறார். தங்க ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கும் வரை.

வாடகைக்காரர் யார் என்று சட்டத்தில் விளக்கமாக எழுதியிருக்கிறதாம். நல்லதுதான். பேப்பரை அவர் காதில் விழும்படி யாராவது படிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. யார் சேர்த்தாலும் சரி, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, பேப்பரை வாங்கும் முன்னால் "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள். படித்தவராக இருந்தாலும் சட்டம் புரியாவிட்டால் அதையே சொல்லுங்கள். நான் இப்போது சொல்கிறேன். பாதிப் பேர் வேறு புரோக்கரைத் தேடிப் போகிறார்கள். மீதிப் பேரை ரோட்டைத் தாண்டி டீச்சரிடம் கூட்டிப் போகிறேன். அங்கே நின்று பார்த்தால் ஹோம் ஸ்டே கேட் தெரியும்.