கொதித்ததும் தெளிந்த சிறுநீர்

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு டிரசர் வேலை. டிரசர் என்றால் புண் கட்டுகிறவன் என்று நினைப்பீர்கள். புண் கட்டியது கொஞ்சம்; மூத்திரம் காய்ச்சியதுதான் அதிகம். எங்கள் ஜனங்கள் ஊசிக்கு ரத்தம் கொடுக்க மாட்டார்கள், போன ரத்தம் திரும்பாது என்று ஓடிவிடுவார்கள். மூத்திரம் என்றால் பாட்டில் நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள். டாக்டருக்கும் அது சௌகரியம். நோயாளியைத் தொட வேண்டாம் பாருங்கள்.

அவருடைய வைத்திய சாஸ்திரம் ரொம்பச் சுருக்கம். கண்ணாடிக் குழாயில் மூத்திரத்தை ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிட வேண்டும். கொதித்த பிறகும் வெள்ளையாகத் திரிந்திருந்தால் நோய், லயத்து வீட்டில் போய்ப் படுக்கலாம். தெளிவாக இருந்தால் சோம்பேறித்தனம், கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகலாம். காய்ச்சுவதும் நான், பதிவேட்டில் எழுதுவதும் நான். அவர் நாற்காலியை விட்டு அசையாமல் என்ன இருக்கு என்று கேட்பார். இத்தனைக்கும் படித்த மனுஷன்.

என் அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். புருஷன் மலைக்காய்ச்சலில் போனபின் என்னோடுதான் இருந்தாள். முதுகு வலிக்கிறது, விலா வலிக்கிறது என்று நிமிர முடியாமல் நடந்தாள். முகம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. கூடை சுமப்பதிலிருந்து ஒரு மாதம் விட்டால் போதும் என்பதுதான் அவள் கேட்டது. காலையில் ஆள் எண்ணும்போது கங்காணி எல்லார் முன்னாலும், "பேரு கூப்பிட்டா மட்டும் இவளுக்கு முதுகு ஒடிஞ்சிரும்" என்று சொல்லிச் சிரிப்பான். அவள் நடிக்கிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சு.

அவளுடைய மூத்திரத்தை நானே காய்ச்சினேன். குழாய் சூடேறத் தொடங்கியதும், கொதி வரும் முன்பே, பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. அப்பாடா, நோய் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கூடப்பிறந்தவளுக்கு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பிழைப்பு. அடுத்த நிமிஷம் கொதி வந்தது. வெள்ளை போன இடம் தெரியவில்லை. குழாயை ஆறவைத்தால் திரும்பவும் வெளுத்தது.

டாக்டரிடம் ஓடினேன்.

"கொதிச்ச பின்ன என்ன இருக்கு?" என்றார்.

"தெளிஞ்சிருச்சு ஐயா. ஆனா அதுக்கு முன்னாடி..."

"முன்னாடி இருந்தது குழாய் அழுக்கு. ஒழுங்கா கழுவு."

கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கை சிவக்கக் கழுவினேன். மூன்று வாரத்தில் மூன்று தடவை காய்ச்சியும் அதே கதைதான். மூன்று தடவையும் பதிவேட்டில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு, கூடையை அவள் முதுகில் ஏற்றிவிட்டதும் நான்தான்.

அப்புறம் அவள் போடிப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து லயத்தில் தங்குகிற வைத்தியரிடம் போனாள். அந்த மகான் காய்ச்சவே மாட்டார். விடிந்ததும் மூத்திரத்தைக் கிண்ணத்தில் வாங்கி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குனிந்து பார்த்தார். எண்ணெய் பாம்பாக ஓடினால் வாதம், மோதிரமாக நின்றால் பித்தம், முத்தாக நின்றால் கபம். அவர் கண்ணுக்குப் பாம்பு தெரிந்ததாம்.

"வாதந்தான் தாயி. எண்ணெ தேச்சு நல்லா அமுக்கிவிட்டா ஓடிரும்" என்றார். அமுக்கினார்கள். இரண்டு விலா முறிந்தது.

விலா முறிந்த பிறகுதான் அவளுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. அந்த வாரம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மேற்பார்வைக்கு வந்தார். கையால் அமுக்கினதுக்கே விலா முறியுமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மூத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, குழாயை என்னிடம் கொடுத்து, "மெதுவா தீயில காட்டு, கொதிக்க விடாதே" என்றார். வெளுத்தது. பிறகு கொதிக்கவிடச் சொன்னார். தெளிந்தது. எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில் வந்து எலும்பை அரிக்கிற புற்று இது, இப்படி வெளுத்துத் தெளிவதுதான் அதன் அடையாளம், மருந்து கிடையாது, சுமை தூக்கவே கூடாது என்றார்.

"இதை யாரும் முன்னாடியே பாக்கலியா?"

எங்கள் டாக்டர் பதிவேட்டை நீட்டினார். "மூணு தடவை பாத்தாச்சு. ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கு."

எல்லாம் என் கையெழுத்து. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவரை இவ்வளவு ஏசுகிறேனே, எனக்கு மட்டும் என்ன யோக்கியதை வாழ்ந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மருந்து இல்லை என்பதைக்கூட அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை.

"அப்ப நான் நடிக்கலை" என்றாள்.

"நடிக்கலைக்கா."

"கங்காணிட்ட சொல்லிரு."

"சொல்லுதேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சிரிச்சப்ப நீ ஒருத்தன்தாம்ல என்னைய நம்புன" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.