என் குழியில் மட்டும் நீலம் வரவில்லை

காய்ச்சல் தினமும் சாயங்காலம்தான் வந்தது. பகலெல்லாம் நன்றாக இருப்பேன். விளக்கு வைக்கிற நேரத்தில் முதுகு குடையும், சட்டையைப் பிழியலாம் போல வியர்க்கும்.

"பாத்திரம் தேய்க்கச் சொல்ற நேரமா பாத்து வருதே மாமா, அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள் என் மனைவி ரேவதி. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

சித்தூரில் டாக்டரைப் பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டார். "திருப்பதியில் லேப்" என்றேன், கொஞ்சம் மிடுக்காக. மாட்டைத் தொட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை; அது நினைவிலேயே இல்லை. இதே போன்ற காய்ச்சலோடு இதைப் படிப்பவர்களே, தயவுசெய்து முதல் வாக்கியத்திலேயே மாட்டைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் டைபாய்டு, மலேரியா என்று சோதனைகள் ஊர்வலம் போயின.

இத்தனைக்கும் எங்கள் லேபின் வேலையே புருசெல்லோசிஸைக் (கன்று வீச்சு நோய், கால்நடைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய்) கண்டுபிடிக்க ஆன்டிபாடி (கிருமியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) தயாரிப்பதுதான். கிருமித் துணுக்கு பூசிய சோதனைத் தட்டின் குழிகளில் இரத்த நீரை விட்டு, மேலே எங்கள் ஆன்டிபாடியைச் சேர்ப்போம். நோயில்லாத இரத்தம் என்றால் நீலம் வரும். நோய் கண்டது என்றால் அதிலேயே இருக்கும் ஆன்டிபாடி முந்திப்போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நீலம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத இரத்தம் வாராவாரம் வேண்டும். அதைத் தந்த உத்தமன் நான். தியாகமெல்லாம் இல்லை; மாட்டைப் பிடித்துக் கட்டுவதைவிட என் கையை நீட்டுவது சுலபம்.

திடீரென்று என் குழியில் நீலம் வருவது நின்றது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டு வருட உழைப்பு. கரண்டைத் திட்டினேன், ஃப்ரிட்ஜைத் திட்டினேன், மூன்று வாரம் புதிது புதிதாகக் கலக்கிப் பார்த்தேன். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

கூட வேலை செய்யும் சுஜாதாதான் கையை நீட்டினாள். "அண்ணா, ஒரு வாட்டி என் பிளட் வெச்சிப் பாருங்க."

அவள் குழி பளிச்சென்று நீலமானது. பக்கத்தில் என்னுடையது தண்ணீர் மாதிரி கிடந்தது. சுஜாதா தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அய்யோ தேவுடா! ஆன்டிபாடி நல்லாத்தான் இருக்குது அண்ணா. நீங்கதான் கெட்டுப்போய்க்கினு இருக்கீங்க."

அப்போதுதான் பாலசமுத்திரம் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் முன்பு, அங்கே மாமனார் வீட்டுப் பசு ஏழாம் மாதத்திலேயே கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. லேபில் இரண்டு ஜோடி கையுறை போடுகிற ஆசாமி, "நவுருங்க, எனக்குத் தெரியாததா?" என்று மாப்பிள்ளை முறுக்கில் வெறுங்கையால் இழுத்தேன். பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ரேவதி.

அதை நினைத்ததும் என் கேலியெல்லாம் நின்றது. கர்ப்பிணிக்கு இந்த நோய் தொற்றினால் கரு கலையலாம்.

திருப்பதி மருத்துவமனையில் இருவரும் இரத்தம் கொடுத்தோம். எனக்கு உறுதியானது. "ஆறு வாரம் மாத்திரை. காய்ச்சல் போயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். ரேவதியின் முடிவுக்கு இரண்டு நாள் ஆகும் என்றார்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவள் இரத்தத்தில் கொஞ்சம் எங்கள் லேபுக்கும் வந்தது. சுஜாதா என்னைத் தள்ளிவிட்டுத் தானே குழியில் விட்டாள். கடைசிச் சொட்டு விட்டபின் நிறம் தெரியப் பத்து நிமிடம். எத்தனையோ முறை அந்தப் பத்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெளியே பெஞ்சில் இருந்த ரேவதி, கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூச்சு வுடு மாமா. சோதன எனக்கா, உனக்கா?"

முதலில் குழியின் ஓரத்தில் லேசாக. பிறகு முழுக்க நீலம். "அக்கா, நீலம்!" என்று சுஜாதாதான் கத்தினாள். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையும் அதையே சொன்னது.

மாத்திரைகள் முடிந்துவிட்டன. முதுகு மட்டும் குனிவதற்கு முன் இன்னும் கொஞ்சம் யோசிக்கிறது. பத்து நிமிடம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் டீயை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

ரேவதிக்கு இது ஒன்பதாம் மாதம். வயிற்றைத் தொடப் போனால், "முழங்கை வரைக்கும் சோப்பு போட்டியா?" என்கிறாள். மறுபடியும் போய்க் கழுவிவிட்டு வருகிறேன். ஈரம் காயாத கையை வைத்ததும் உள்ளே இருப்பவர் ஓங்கி ஒரு உதை விடுகிறார்.

"வாங்கிக்கோ" என்கிறாள் ரேவதி. கையை எடுக்காமல் வாங்கிக்கொள்கிறேன்.