சோளக்காட்டின் நான்காவது குரல்

ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலையடியில் தாத்தாவுக்கு ஒரு மக்காச்சோளக் காடு இருந்தது. அதில் நாங்கள் கண்ட பலனைவிடக் காட்டுப்பன்றிகள் கண்ட பலன்தான் அதிகம். பெங்களூரில் ஏதோ பாட்டுக் கோஷ்டியில் இருந்து, அது கலைந்ததும் ஊர் திரும்பிய என் தாய்மாமாவைத் தாத்தா காவலுக்குப் போட்டார். "இந்தத் தடவையும் பன்னி மேஞ்சுச்சுன்னா, பேசாம போடிமெட்டு ஜீப்புல ஏறி ஏலத்தோட்டத்துச் சோலிக்குப் போயிரு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மற்ற காடுகளில் வெடி போட்டார்கள். மாமா மோட்டார் ரூம் பக்கத்து வேம்பில் கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஹெவி மெட்டல் பாட்டுப் போட்டார். கிட்டார் இடி இடிக்க, வெள்ளைக்காரர்கள் உயிர் போவதுபோல் கத்தும் பாட்டு. அவர்கள் பெயர் என் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன். ஒருவர் விசில்காரர். "இவருக்கு மூச்சுதான் பாப்பா சொத்து. உச்சிக்குப் போயி அங்கனயே நிப்பாரு, தடுமாறவே மாட்டாரு" என்பார் மாமா. இன்னொருவர் அழுகுணி. கத்தக் கத்த அழுவார், ஆனால் சுதி விலகாது. மூன்றாமவர் கொரகொரப்பான். அவருக்குக் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறதாம். எனக்கு மூவருமே பூச்சாண்டிகள்தான்.

பன்றிகளுக்கு என்னைவிடத் துணிச்சல். சில நாளிலேயே பழகிக்கொண்டு, விசில்காரருக்கு நேர் கீழே நின்று கதிரைக் கடித்தன. தாத்தா மாமாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம்தான் நான்காவது குரல் வந்தது. அதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. கூப்பிட்டதாக நினைத்து வந்துவிட்டால்? மற்ற மூவரும் நேற்றுக் கத்தியதையே இன்றும் கத்துவார்கள். இது ஒருநாள் போல் ஒருநாள் கத்தாது. திடீரென்று நிற்கும். அப்பாடா என்று போர்வையை விலக்கினால், மூச்சிரைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். பன்றிகள் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. மாமாவுக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. "பனியில படுக்காதடான்னா கேக்குறானா" என்று அம்மா மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் அம்மா சோற்றுத் தூக்குவாளியை என் கையில் கொடுத்து, "இருட்டுறதுக்குள்ள மாமாகிட்டக் குடுத்துட்டு வெரசா வந்துரு" என்றாள். சோளம் என் தலைக்கு மேல் நின்றது. பாதி வரப்பில் அது தொடங்கியது. கிட்டார் இல்லை, கொட்டு இல்லை, வெறும் குரல். அது மரத்திலிருந்து மட்டுமல்ல, மாமா இருக்கும் மோட்டார் ரூமுக்குள்ளிருந்தும் வந்தது. மாமாவை அது தின்கிறது என்றே நினைத்தேன். வீட்டுக்கு ஓட வேண்டியவள், "மாமா! மாமா!" என்று அலறிக்கொண்டு அங்கேயே ஓடினேன்.

குரல் சட்டென்று நின்றது. மாமா வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு, தேய்ந்த தொண்டையில், "அது போயிருச்சு ஆத்தா, அழாத" என்றார். என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "நாலு பேருல ஆரு ரொம்பப் பயம்?" என்று கேட்டார்.

"இப்பக் கத்துச்சே, அதுதான்."

"விசில்காரரைவிடவா?"

"ஆமா."

"கொரகொரப்பானைவிடவுமா? நெசமாச் சொல்லு."

"அவங்கெல்லாம் ஒண்ணுமே இல்ல மாமா. இதக் கேட்டா செத்துருவேன்போல இருக்கு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூக்குவாளியில் இருந்த முட்டையை முழுசாக எனக்கே ஊட்டினார்.

அந்த வருஷம் சோளம் சேதமில்லாமல் வீடு வந்தது. மாமா ஜீப்பு ஏறவில்லை. ஆனால் அன்றைக்கு முட்டையை மென்றபடி நான் பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே பாயில் கிடந்த மைக்கை. பாட்டுப் போடுகிறவருக்கு மைக் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. நான் செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், இந்த மனுசனுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று கோபம் கோபமாக வந்தது.