நான்தான் அவனை இருக்கச் சொன்னேன்

பதினேழு நாள் என் மகள் என்னோடு பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. அந்த நாட்களில் அல்லாஹ் என் துஆவைக் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். முதலில் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குத் தலைவனாக இருந்தேன். மனைவி முன்பே மௌத்தாகிவிட்டாள். மகள் ரஹீமா என்னோடு இருந்தாள். மகன் நாசர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தான்.

போன வருடம் நோன்பு முடிந்த வாரம் அங்கே போர் தொடங்கியது. பிள்ளைகளை அனுப்பியிருந்த வீடுகள் தவித்தன. யாரும் பதற வேண்டாம் என்று பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தேன். மறுநாளே நாசர் அழைத்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது; ரஹீமாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தா, டிக்கெட் கெடைக்குது. வந்துடவா?"

"தலைவர் பையனே ஓடி வந்துட்டான்னு ஊர் பேசும். கொஞ்சம் பொறுத்துக்கப்பா."

"வீட்டுலயும் மைக்குல பேசுற மாதிரியே பேசுறீங்களே அத்தா" என்று சிரித்தான். இருந்துவிட்டான். ஆறாம் நாள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. உடலைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே அடக்கினார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், நான் வரச் சொல்லியும் அவன்தான் வேலையை விட்டு வர மறுத்தான் என்றேன். எல்லோரும் அவனை மெச்சினார்கள். டீத் தட்டோடு நின்ற ரஹீமா என்னைப் பார்த்தாள். அத்தோடு பேச்சு நின்றது, சாப்பாடும் குறைந்தது. இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்றார் அவளைப் பார்த்த புதுச்சேரி டாக்டர்.

என்னால் உட்கார முடியவில்லை. உச்சி வெயிலில் உப்புப் பாத்திகளின் வரப்பில் நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து, மகளைப் பிழைக்க வை என்று சுஜூதில் கேட்கத் தொடங்குவேன், முடிக்காமல் எழுந்துவிடுவேன். ஒருநாள் வேறு விதமாகக் கேட்டேன். யா அல்லாஹ், உண்மையைச் சொல்ல எனக்கு வாய் கொடு.

எங்கள் பக்கம் ஜனாஸா தொழுகைக்கு முன் வீட்டார் எழுந்து, இறந்தவர் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பார்கள். நாசருக்காக அப்படிக் கேட்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மைக்கை வாங்கினேன். "என் மகன் யாரையாவது" என்று தொடங்கினேன். அதற்கு மேல் போகவில்லை.

"அவன மன்னிக்க ஒண்ணுமில்லீங்க. வர்றேன்னுதான் சொன்னான். நான்தான் இருக்கச் சொன்னேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். வாசலில் அவர் போனில் பேசியது கேட்டது: "டேய், எந்த பிளைட்டு கெடைச்சாலும் ஏறி வந்துடுடா."

வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலின் வெளி ஸ்பீக்கர் என் குரலை ஏற்கெனவே அங்கே சேர்த்திருந்தது.

"மைக்க ஆஃப் பண்ணிட்டீங்களா அத்தா?" என்றாள் ரஹீமா.

பண்ணிவிட்டேன் என்றேன்.

"கோவம் போகல. உக்காருங்க, சாப்புடலாம்."

ஒரே தட்டில் இருவருக்கும் சோறு போட்டாள். அவள் கை வாய்க்குப் போவதைப் பார்த்தபடி அழுதேன்.

தலைவர் பொறுப்பை விட்டுவிட்டேன். மனம் இன்னும் அடங்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். ஆனாலும் ரஹீமா சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். அல்ஹம்துலில்லாஹ். கேட்டும் கிடைக்கவில்லை என்று தவிக்கிறவர்களே, நீங்கள் ஒளித்து வைத்திருப்பதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். பிறகு அதைக் கேட்க வேண்டியவரிடம் சொல்லுங்கள். மகனை இழந்த நான் மகளைத் திரும்பப் பெற்றது அப்படித்தான்.