சறுக்கும் காரில் என் இடது கை

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சானின் வாயில் ஓர் அடி கொடுத்துவிட்டேன். ஓடுகிற காருக்குள்ளே! அவன் பாட்டுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான்... பாவம், உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

சண்டை எதுவும் இல்லை, பிள்ளைகளே. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். அதற்குக் கிடைத்த தட்சணை.

‘நீங்களே கடலூரில் வாடகைக் கார் ஓட்டுபவர்தானே, வாராவாரம் அந்தக் கதையைத்தானே எழுதுகிறீர்கள், உங்களுக்கு இன்னொருத்தர் கற்றுக்கொடுப்பதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் கற்றுக்கொள்ளப் போனது ஒழுங்காக ஓட்டுவதை அல்ல. காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, சறுக்கும்போதே அதை நம் பேச்சைக் கேட்க வைப்பதை. ட்ரிஃப்ட் என்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் செல்போன் கேமில் செய்திருப்பீர்கள். அதில் சுவரில் மோதினால் இன்னோர் உயிர் கொடுப்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது.

இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை?

என் மகள் கயலுக்காகத்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். என் காரில் முன் சீட்டு அவளுடையது. சவாரி இல்லாத நாளில் யார் வந்தாலும் பின்னால்தான் உட்கார வேண்டும், அவள் அம்மா உட்பட!

சில மாதங்களுக்கு முன்பு கீரப்பாளையத்துக்குப் போயிருந்தோம். என் மனைவியின் தம்பி அருள் அங்கேதான் இருக்கிறான் — அடி வாங்கிய அதே மச்சான். நானும் கயலும் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் உளுந்து அறுத்தால் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து உளுந்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். அன்றைக்குத் தூறல் வேறு. ஒரு வளைவில் ஈரச் செடி மேல் ஏறினேன்... காரின் பின்பக்கம் தனியாக ஒரு திசைக்குப் புறப்பட்டுவிட்டது.

அரை வட்டம் அடித்து, வாய்க்கால் கரையில் போய் நின்றது கார். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் தண்ணீர்.

திரும்பிப் பார்த்தேன். கயல் உதட்டில் ரத்தம்.

“டேஷ்போர்டுல இடிச்சிக்கிட்டேன்பா. ஒன்னுமில்ல” என்றாள்.

ஒன்றுமில்லைதான். ஒரு வாரத்தில் உதடு ஆறிவிட்டது. என் பயம்தான் ஆறவில்லை. முதலில் அவளைப் பின் சீட்டுக்கு மாற்றினேன். அப்புறம் மழை நாளில் ஏற்றுவதை நிறுத்தினேன். கடைசியில் காரிலேயே ஏற்றவில்லை. “டவுன் பஸ்ல போயிக்கோ கண்ணு” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் காலி சீட்டோடு கிளம்புவேன். ஏன் என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். பிள்ளைகள் கேட்பதை விட்டுவிட்டால் அப்பாக்களுக்கு எப்படி இருக்கும் தெரியுமா?

அருள் வளைகுடா நாட்டில் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். என் கதையைக் கேட்டுவிட்டு அவன் ஒன்று சொன்னான்:

“வழுக்காம ஓட்டத்தான மாமா இத்தினி வருஷமா கத்துக்கிட்ட? வழுக்குனப்புறம் என்னா செய்யறதுன்னு எப்ப கத்துக்கப் போற?”

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. “பொழப்பு ஓடுற காரு... அத வச்சிக்கிட்டு அக்காளுக்கு வேலை வைக்காதடா” என்றாள் தம்பியிடம். “உங்க கார் இல்லக்கா, என் பழைய காரு” என்றான் அவன். அப்படியும் கயலைப் பின் சீட்டில் ஏற்றிக் கூடவே அனுப்பினாள். நாங்கள் இருவரும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளவாம்!

கீரப்பாளையத்தில் அருளின் சிநேகிதருக்கு ஒரு ரைஸ் மில் இருக்கிறது. நெல் காயவைக்கும் களம் — சிமென்ட் போட்டது, உங்கள் பள்ளி மைதானம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. நெல் வராத நேரம். காக்கா கூட இல்லை. வருஷக்கணக்கில் நெல்லைத் தள்ளித் தள்ளி வழவழவென்று ஆகிவிட்ட தரை. அதில் தண்ணீர் அடித்துவிட்டால்? பாசி பிடித்த பாத்ரூம்தான். வேகமே தேவையில்லை, மெதுவாகப் போனாலே வழுக்கும். ரோட்டில் இதைச் செய்து காட்டுகிறவனை நீங்கள் கைதட்டிப் பாராட்டாதீர்கள். இது ஆள் இல்லாத களத்துக்கான வித்தை.

ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்தவள் கயல். அடித்து முடித்ததும் மில்லின் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கே ஒரு ஜன்னல் உண்டு.

முதலில் அருள் தனியாக ஓட்டிக் காட்டினான். நானும் ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

என்ன சொல்வது... நம் கடற்கரையில் நண்டு ஓடுமே, பார்த்திருக்கிறீர்களா? முகம் ஒரு பக்கம், போவது இன்னொரு பக்கம். அப்படிப் போனது அந்தக் கார்! பின் சக்கரங்கள் தண்ணீரை விசிறி மாதிரி வாரி இறைத்தன. விசிறிக்குள் வெயில் பட்டு ஒரு துண்டு வானவில். நடுவில் வைத்த பழைய டயரைச் சுற்றி, ஏதோ கயிறு கட்டி இழுப்பது போல, கார் வட்டமாகப் பக்கவாட்டில் மிதந்தது. மிதந்தது என்றுதான் எழுத வேண்டும். என் வாழ்நாளில் பாதியைக் காருக்குள் கழித்திருக்கிறேன். காருக்கு இப்படி ஒரு நடை உண்டு என்று எனக்குத் தெரியாது.

“யப்பா!” என்றாள் கயல். என் வாய் திறந்தபடியே இருந்தது.

அப்புறம் என் முறை. அருள் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டான்.

“வளைச்சி ஆக்சிலேட்டர் குடு. பின்னாடி வழுக்குச்சின்னா, வழுக்குற பக்கமே ஸ்டியரிங்கத் திருப்பு. பிரேக்க மட்டும் தொடாத. எங்க போவணுமோ அங்க பாரு. அவ்ளோதான் மாமா.”

அவ்வளவுதானாம்!

நான் பத்தாவது வரை படித்தவன். இதற்கான விஞ்ஞானத்தை உங்கள் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மணலில் சைக்கிள் ஓட்டும்போது பின் பிரேக்கைப் பிடித்தால் சர்ரென்று பின் சக்கரம் ஒதுங்கும், இல்லையா? உடனே வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மேலே எழும்பும். அதேதான் காரிலும். ‘வேண்டாம்’ என்று மூளை சொல்வதற்கு முன்பே கால் போய் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது.

“அப்பா... ராட்டினம்!” — ஜன்னலிலிருந்து குரல்.

மறுபடியும். ராட்டினம். மறுபடியும். “சுவத்தப் பாக்காத மாமா! சுவத்தப் பாத்தா சுவத்துக்குத்தான் போவும்!” உண்மைதான். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகிறது, கை போகிற இடத்துக்குக் கார் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் அடங்கியது. கண்ணும் பழகியது. ஆனாலும் கார் ஒவ்வொரு முறையும் பாதியில் என்னை விட்டுவிட்டுச் சுற்றிவிடும். எங்கே தப்பு?

அப்போதுதான் விழுந்தது அந்த அடி. கார் கொஞ்சம் வேகமாக வழுக்க, என் இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பறந்துபோய் அருளின் முகத்தில் இறங்கியது.

“யார மாமா புடிக்கிற? நான் என்னா கைக்கொழந்தையா?”

கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டு இறங்கினான். கயல் ஓடி வந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டுச் சட்டென்று கேட்டாள்:

“உனக்குமா மாமா?”

அருளுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

“உனக்குமான்னா... என்னா கயலு?” என்று கேட்டேன்.

அவள் செருப்பு முனையால் தண்ணீரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி டேஷ்போர்டு இல்லப்பா. உன் கைதான். நீ என்னைப் புடிக்கத்தான வந்த... சொன்னா அழுவுவியேன்னு சொல்லல.”

நான் என் இடது கையைப் பார்த்தேன். இதற்கு யார் கற்றுக்கொடுத்தது? எல்.கே.ஜி. யூனிபார்மோடு அவள் முதன்முதலில் முன் சீட்டில் ஏறிய நாளிலிருந்து, பிரேக் போடும்போதெல்லாம் இது நீண்டிருக்கிறது. எனக்குத் தெரியாமலே. என்னைக் கேட்காமலே. வேறு ஆள் உட்கார்ந்தாலும் அடையாளம் தெரியாமல் நீள்கிறது. பயம் நெஞ்சில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் பயம் முழங்கைக்குக் கீழே இருந்திருக்கிறது, பிள்ளைகளே! அது கோழைத்தனமாகவும் தெரியவில்லை எனக்கு. அதைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் வண்டி சறுக்கும் நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய கை ஸ்டியரிங்கில் அல்லவா இருக்க வேண்டும்?

கயல் அதைத்தான் சொன்னாள்.

“இனிமே என்னைப் புடிக்காதப்பா. ஸ்டியரிங்கப் புடி. என்னை பெல்ட்டு புடிச்சிக்கும்.”

“காலையிலேர்ந்து நான் தொண்ட கிழிய கத்துறேன். பொண்ணு ஒரே வார்த்தையில முடிச்சிட்டா பாரு” என்ற அருள், மில் வாசலில் நின்ற பைக்கிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். “எதுக்கும் இருக்கட்டும் மாமா!”

வளைத்தேன். ஆக்சிலேட்டர் கொடுத்தேன். பின்பக்கம் புறப்பட்டது. இடது கையின் விரல்கள் ஸ்டியரிங்கிலிருந்து பிரிந்தன... நின்றன... திரும்பவும் மூடிக்கொண்டன.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? முன் கண்ணாடியில் மில் சுவர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகப் போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். இன்ஜின் இரைந்துகொண்டுதான் இருந்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை. கார் தரையை விட்டுவிட்டது போலவும், அதே நேரம் என் உள்ளங்கைக்குள் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. பிடி நழுவிய பிறகும் ஒரு பிடி இருக்கிறது! இத்தனை வருஷம் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வாய்க்கால்தான் என்று நினைத்திருந்தேன்.

டயரைச் சுற்றி முழு வட்டம். நின்றதும் அருள் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினான். அடி விழவில்லை!

சாயங்காலம் கடலூருக்குக் கிளம்பினோம். என் சொந்தக் கார். நான் பின் கதவைத் திறப்பதற்குள் கயல் முன் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். பெல்ட்டை மாட்டும் ‘க்ளிக்’ கேட்டது. நானும் மாட்டிக்கொண்டேன்.

அதே வளைவு வந்தது. யாரோ செடியைப் பரப்பியிருந்தார்கள். வித்தை தெரிந்துவிட்டது என்பதற்காக வேகமாகவா போவேன்? மாட்டு வண்டி வேகத்துக்குக் குறைத்தேன். சக்கரத்துக்கு அடியில் செடி நொறுங்கும் சத்தம். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு வந்து என் நெஞ்சின் குறுக்கே நின்றது.

“பயப்படாதப்பா. நான் புடிச்சிக்கிட்டேன்.”

நானும் பெல்ட் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.