உங்கள் கோரிக்கை கிடைத்தது

“எல்லாம் உன் இஷ்டம்மா. போட்டோ, ரேட்டு, ரூம் புக்கிங்... எப்புடி வேணா வெச்சுக்கோ. ஒரு பொட்டி மட்டும் பெருசா வேணும்.”

“என்ன பொட்டி சார்?”

“கேக்கணும்னு நெனைக்கறத எழுதுற பொட்டி.”

“தலகாணி, சுடுதண்ணி மாதிரியா? அதுக்குத்தான் ரூமுக்கு ரூம் இன்டர்காம் இருக்கே.”

“வாய்ல கேக்க வராதவங்க கீறாங்கம்மா. அவங்களுக்கு. அதுல கேன்சல் பட்டன் வெக்காத.”

போன நவம்பரில் கிருபாகரன் சார் என்னிடம் போனில் பேசியது இவ்வளவுதான். திருவிடந்தையில், ஈ.சி.ஆரை ஒட்டி ஆறு அறைகள் கொண்ட காட்டேஜ் நடத்துகிறவர். நான் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன்.

இனி நான் எழுதப்போவது என் கண் முன்னால் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். எனக்கு நடந்தது பட்டப்பகலில், சாப்பாட்டு நேரம் முடிந்து பின்கட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது. நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை. என் லேப்டாப் குறித்துவைத்தவை அவை.

என் பெயர் பிரபா. என் கணவர் ரஞ்சித்குமார். திருப்போரூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் அறை எடுத்து, நாங்கள் இரண்டு பேருமாக வெப்சைட் செய்துகொடுக்கிறோம். சர்வர் பக்கம் அவர். திரைப் பக்கம் நான். பிரவுசருக்குள்ளேயே ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட்தான் என் வேலை. அதற்கென்று ஃபிரேம்வொர்க் என்று ஒரு தயார் சட்டகம் இருக்கிறது. அதன் விதி ஒன்றுதான்: உள்ளே தகவல் மாறினால் திரை தானாக மாறும். தகவல் மாறாமல் திரையில் ஒரு புள்ளிகூட அசையாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். மூன்று முறை உண்டாகி, மூன்று முறையும் கலைந்துவிட்டது. கடைசி முறைக்குப் பிறகு எனக்குள் ஒரு ஆசை முளைத்தது. ஒரு குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும். அதை மூன்று வருஷமாக அவரிடம் கேட்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதுவேன், அழிப்பேன். நேரில் வாயெடுத்தால், “அப்புறம் பேசலாம் பிரபா” என்பார். கோபமாக அல்ல, பயந்துபோய். அவருக்கு நாற்பத்திரண்டு, எனக்கு முப்பத்தெட்டு. நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வெப்சைட்டைக் காட்டிவிட்டு, அறைகளுக்கு வைஃபையும் சரிசெய்யப் போயிருந்தோம். ரஞ்சித் கேபிளைத் தூக்கிக்கொண்டு கடைசி அறைக்குப் போய்விட்டார். கிருபாகரன் சார் இரண்டரை மணி ஆனதும், ஏதோ வண்டி பிடிக்கப்போகிறவர் மாதிரி எழுந்து வெளியே போனார். “ஒரு மணி நேரத்துல வந்துடறேம்மா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்னறை கவுன்டரில் நான் தனியாக உட்கார்ந்தேன். லேப்டாப்பில் அந்த வெப்சைட்டைத் திறந்து வைத்தேன்.

மணி 2.41. முதலில் தப்பாகத் தெரிந்தது ஒரு எண். அந்தப் பெட்டிக்குக் கீழே, எத்தனை எழுத்து எழுதியிருக்கிறது என்று காட்டுகிற சின்ன எண் வைத்திருந்தேன். பெட்டி காலி. ஆனால் கீழே 4/200 என்று இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். 0/200. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

4/200.

மணி 2.48. ‘அனுப்பு’ பட்டன் பச்சையானது. பெட்டியில் ஏதாவது எழுதினால்தான் அது பச்சையாகும். இல்லையென்றால் சாம்பல் நிறம். பச்சை... சாம்பல்... பச்சை... சாம்பல். யாரோ உள்ளே வரலாமா, வேண்டாமா என்று வாசலில் காலை வைத்து வைத்து எடுப்பது போல.

ரஞ்சித்துக்குப் போன் செய்தேன்.

“நீங்க அங்கேர்ந்து என் பேஜ்ல ஏதாச்சும் பண்றீங்களா?”

“நான் கேபிள வாய்ல கடிச்சிகினு ஸ்டூல் மேல நிக்கிறேன். பிரவுசர்ல கெடக்குற பழசெல்லாம் க்ளியர் பண்ணு.”

“பண்ணிட்டேன்.”

“அப்போ பேய்தான்.” சிரித்தார். “டீ குடு, போயிடும்.”

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, உதடு மட்டும் அப்படியே இருந்தது.

மணி 2.58. வைஃபையை அணைத்தேன். இனி வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. பக்கம் முழுவதும் என் லேப்டாப்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பெட்டியில் எழுத்து தெரிந்தது.

ஏங்க

மூன்று எழுத்து. கணினி புள்ளியைத் தனியாக எண்ணும். அதனால் நான்கு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எழுத்து போனது. பிறகு புள்ளி. பிறகு மற்றவை. பெட்டி காலி. மறுபடி ‘ஏங்க’. மறுபடி ‘ஏங்க ஒண்ணு’. அதுவும் அழிந்தது.

இந்த எழுதி அழிக்கும் விதம் எனக்குத் தெரியும். என் போனில் மூன்று வருஷமாக நான் செய்வது இதைத்தான்.

மணி 3.04. இரண்டு வரி நிரல் சேர்த்தேன். விசை அழுத்தப்படும் நேரத்தை மட்டும் பதிவு செய்யச் சொன்னேன். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

3.05.11. விசை.
3.05.12. விசை.
3.05.14. விசை.

டக்... டக்... டக்...

விசைகள் எதுவும் கீழே இறங்கவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

மணி 3.09. பெட்டியை நிரலிலிருந்தே தூக்கிவிட்டேன். முழுவதும். சேமித்தேன். திரை தானாக மாறியது. போட்டோ இருந்தது, ரேட்டு இருந்தது. பெட்டி இல்லை. மூச்சு வந்தது.

மணி 3.11.

பெட்டி இருந்தது.

இல்லாத பெட்டி. அதற்கு நிரலே கிடையாது. ஆனாலும் திரை நடுவில் நின்றது.

அப்போது கவுன்டரின் எதிர்ப்பக்கத்தில் சத்தம். ஆட்கள் வந்து நிற்கிற பக்கம். மோதிரத்தால் பலகையைத் தட்டுவது போல.

டொக்... டொக்...

அங்கே யாரும் இல்லை.

மணி 3.12.

ஏங்க ஒண்ணு கேக்கணும்

பட்டன் பச்சையாக நின்றது. இந்த முறை எழுத்து அழியவில்லை. காத்திருந்தது.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்.

“கேளுங்க.”

சொன்ன கையோடு பயத்தில் லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

மூடிய லேப்டாப்புக்குள்ளிருந்து...

டக் டக் டக் டக் டக்...

வேகமாக.

நிற்காமல்.

டக் டக் டக்...

“பிரபா!”

ரஞ்சித் வாசலில் நின்றார். காதில் போன். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார், ‘ஒரு நிமிஷம் இரு’ என்பது போல. பேசி முடித்துத்தான் உள்ளே வந்தார்.

“என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?”

சத்தம் நின்றிருந்தது. அவர்தான் லேப்டாப்பைத் திறந்தார். பெட்டி காலியாக இருந்தது. அதன் மேல் பச்சை எழுத்தில் ஒரு வரி.

உங்கள் கோரிக்கை கிடைத்தது. நன்றி.

அது நான் எழுதிய வரி. எங்கள் தொழிலில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. பட்டனை அழுத்தியதும், சர்வரிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்காமல், கிடைத்துவிட்டது என்று காட்டிவிடுவோம். பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். பின்னால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை.

வைஃபையை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். எதுவும் எங்கேயும் போகவில்லை.

பதிவைப் பார்த்தேன். 3.12க்கும் 3.14க்கும் நடுவில் நூற்றுப் பதினெட்டு விசைகள். நேரம் மட்டும் இருந்தது. எந்த எழுத்து என்று பதிவு செய்ய நான் சொல்லியிருக்கவில்லை.

பின்கட்டிலிருந்து தர்மராஜ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சமையலும் காவலும் அங்கே அவர்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“வந்துச்சா?”

“என்னது?” என்றார் ரஞ்சித்.

“சும்மா இரு அண்ணாத்த. பாப்பா, நீ சொல்லு. வந்துச்சா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“அம்சாக்கா. சார் சம்சாரம். போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆவுது.” நாற்காலியில் உட்காராமல் தரையில் குந்திக்கொண்டார். “அன்னிக்குக் கூட்டமான கூட்டம். நீ குந்திகினு கீறியே, அதே எடத்துல சார் போன்ல பேசிகினு இருந்தாரு. அக்கா வந்து, ‘ஏங்க, ஒண்ணு கேக்கணும்’னுச்சு. சார் கைய காட்னாரு, இருன்னு. போய்ட்டு திரும்ப வந்துச்சு. மறுக்கா கைய காட்னாரு. மூணாவது தபா வந்து இப்புடியே கவுன்டர புடிச்சிகினு நின்னுச்சு. அப்புடியே சரிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மூணே கால் இருக்கும். அதான் சார் ரெண்டர ஆனா இங்க நிக்கவே மாட்டாரு. இன்னா கேக்க வந்துச்சுன்னு தெரியாம மனுசன் பேஜாராயிட்டாரு.” குரலைத் தாழ்த்தினார். “உனக்கு முன்னால ரெண்டு பேரு இதே வேலைக்கு வந்து லேப்டாப்ப தூக்கிகினு ஓடிட்டானுங்க. அந்த எழுதுற பொட்டி கெஸ்ட்டுக்குன்னா நெனச்சே? கெஸ்ட்டுக்கு இல்லம்மா.”

ரஞ்சித் கையிலிருந்த போனைப் பையில் போட்டார். மழை வலுத்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். 3.12க்கு அதே இடத்தில், வைஃபையோடு, எழுத்தையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. இனி வராது என்று நினைக்கிறேன். அம்சாக்கா கேட்டுவிட்டார். கிடைத்தது என்று நான் பதில் சொல்லிவிட்டேன். கிருபாகரன் சாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று கிளம்பும்போது மணி 5.20. கோவளம் வரும் முன்பே மழையில் இருட்டிவிட்டது. வைப்பர் போய்ப் போய் வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. சீட் பெல்ட்டை இழுப்பதும் விடுவதுமாக இருந்தேன்.

“வண்டிய ஓரம் கட்டுங்க.”

“எதுக்குடி? வூட்டுக்குப் போய்...”

“இப்போ.”

கட்டினார். இண்டிகேட்டர் சத்தம் மட்டும் இருந்தது. ‘ஏங்க’ என்றோ, ‘ஒண்ணு கேக்கணும்’ என்றோ நான் ஆரம்பிக்கவில்லை. அந்த வார்த்தைகளுக்கு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

“நாம ஒரு கொழந்தையத் தத்து எடுத்துக்கலாம். சரின்னு சொல்லுங்க.”